கலா வைத்த செடி

காய்ச்சலில் போன என் மகள் கலா விட்டுச்சென்றதில் உயிரோடு இருந்தது ஒரு செடி மட்டும்தான். சின்னத் தொட்டி, தடித்த இலைகள். 'சக்குலன்ட்' என்பாள்.

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள் நான். வெயில் ஏறினால், தீப்பொறி கிளம்பாமல் இருக்க மருந்து அறை வாசலில் கிடக்கும் சாக்கை நனைத்துக்கொண்டே இருப்போம். அந்தப் பழக்கத்தில் செடிக்கும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் உதிர்ந்தன. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

நான் பஸ் ஏறும் இடத்திலேயே ஒரு நர்சரி இருந்தது. உள்ளே போய்க் கேட்கக் கூச்சம். தண்டு குழைந்து சாய்ந்த பிறகுதான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் தொட்டுப் பார்த்தார். "என்னக்கா, இம்புட்டுத் தண்ணி ஊத்தியிருக்கீக? வேரெல்லாம் அழுகிப்போச்சே. மண்ணு நல்லாக் காஞ்ச பொறவு ஊத்தினாப் போதும்."

"பொழைக்காதா அண்ணாச்சி?"

"இது பொழைக்காது. உதிர்ந்த இலை நல்லதா ஒண்ணு இருந்தாக் கொண்டாங்க. மண்ணு மேல சும்மா போட்டு வச்சாலே முளைச்சுரும்."

உதிர்ந்ததையெல்லாம் தினமும் கூட்டிக் குப்பை வண்டியில் போட்டிருந்தேன். கடைசி இரண்டு இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. அன்று காலையில்தான் வண்டி வந்து போனது.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொரு தொட்டியை நீட்டினார். "இதக் கொண்டுபோங்க, அதே வகைதான்."

"வேண்டாம் அண்ணாச்சி. அது எம்மக வச்சது."

இப்போதும் அங்கேதான் பஸ் ஏறுகிறேன். முந்தின நாள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன்.