ஜோடு தேயாமல் இருக்க வழி சொன்னவன்

பூட்ஸ் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு மனிதர்களின் முகம் பிந்தித்தான் தெரியும், கால்தான் முதலில் தெரியும். சேலத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு கடையில், சண்டைக் காலம் முழுவதும் நான் அப்படித்தான் பிழைத்தேன். தோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. புது ஜோடு கேட்டால் முதலாளி கையை விரிப்பார். ஆகவே இருக்கிற ஜோட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்வதே என் உத்தியோகமாகிவிட்டது. இருக்கிற ஒன்றையே போட்டு, இழுத்துப் பிடித்துக் காலம் தள்ளிய அன்பர்களுக்கு என் பாடு புரியும்.

எங்களுக்குச் சேந்தமங்கலத்துப் பக்கம் கொஞ்சம் விவசாயக் காடு. கிணறு வற்றியதும் காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டுச் சேலம் வந்தவன் நான். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தோலைத் தொட்டுப் பிழைக்கிறவன் வீட்டில் பெண் எடுக்க எங்கள் உறவில் யோசித்தார்கள். என் மகள் செல்லம்மாளுக்கு இரண்டு இடம் அதனாலேயே தட்டிப்போயின. வீட்டில் அந்தக் கவலை இருக்க, கடையில் ஊரார் ஜோட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை

நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், பெரிய மனிதர்கள் வரும் கூட்டங்களுக்குப் போட்டுப் போகவென்று பளபளப்பான பழுப்பு நிற பூட்ஸ் ஒன்று வைத்திருந்தார். தோல் வறண்டு வெடிக்க ஆரம்பித்திருந்தது. "வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் காட்டுங்க" என்று சொல்லி அனுப்பினேன். துணியில் ஒரு சொட்டு எடுத்துத் துடைப்பதைத்தான் எண்ணெய் காட்டுவது என்கிறோம் என்று விளக்கத் தோன்றவில்லை.

மறு மாதம் வந்தார். பூட்ஸ் நிறம் வெளுத்து, மூக்கு மேல்நோக்கி வளைந்து, பலகைபோல் விறைத்திருந்தது. விசாரித்தேன். சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெயில் ஊற வைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெந்நீர் விட்டு அலசியிருக்கிறார்கள். அவர் குளித்த பிறகு அதே அண்டாவில் அதற்கும் குளியல். நான் தலையில் கை வைத்தேன். அவருக்கு என் மேல்தான் கோபம். "நானும் அதே எண்ணெ, அதே சீயக்கா போட்டுத்தானுங்க தண்ணி வாத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே."

பெட்டிக்குள் இருந்தது

ஜலகண்டாபுரத்து ஜவுளி வியாபாரி ஒருவர் பட்டுத் துணியில் சுற்றி ஒரு ஜோடு கொண்டுவந்தார். சண்டை தொடங்குமுன் வாங்கியதாம். காலில் ஒருநாளும் ஏறியதில்லை. தகரப் பெட்டியில் கற்பூரம் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். இரண்டு வருஷ அடைமழையிலும் பெட்டியைத் திறக்கவே இல்லை. துணியைப் பிரித்தால் பூஞ்சணம் பச்சையாகப் பூத்திருந்தது, அடித்தோல் தனியாகக் கையோடு வந்தது. நடக்கிற காலின் சூடும் வெளிக்காற்றும் பட்டால்தான் தோல் தோலாக இருக்கும். அதை அவருக்கு மெதுவாகச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. "போட்டாத் தேஞ்சு போயிருமேன்னுதானுங்க பயந்தேன்."

ஓய்வு நாள்

கோர்ட்டுக் குமாஸ்தா ஒருவருக்குக் கால் வியர்வை அதிகம். ஈரம் காயாமல் தினமும் போட்டால் உள்தோல் அழுகிப்போகும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு இடையில் ஓய்வு கொடுங்கள் என்றேன். மனிதர் ஒழுங்கானவர், சொன்னதைக் கேட்கிறவர். ஆனால் மூன்று மாதத்தில் குதி தேய்ந்து, தையல் விட்டு, பரிதாபமான நிலையில் வந்து நின்றது ஜோடு. நான் சொன்ன யோசனை எனக்கே சந்தேகமாகிவிட்டது.

துருவிக் கேட்டதில் விஷயம் வெளிவந்தது. அவர் போடாத நாளில் சும்மா கிடக்கிறதே என்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த தம்பி போட்டுக்கொண்டு ஊரெல்லாம் நடந்திருக்கிறார். முன்பாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடந்த ஜோட்டுக்கு இப்போது அதுவும் இல்லை. "நான் ஓய்வு குடுத்துட்டுத்தானுங்க இருக்கறேன். என்ற தம்பி குடுக்கறானான்னு அவனத்தான் கேக்கோணும்."

மாரப்பன் சொன்னது

எங்கள் கடையில் தையல் வேலையெல்லாம் மாரப்பன்தான். என் வயசுதான் இருக்கும். கடைக்குப் பின்புறத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தைப்பான். அவன் தைத்து முடித்ததை நான் வாங்கி, துடைத்து, முன்னால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவன் கையிலிருந்து நேராக வாங்கிக்கொள்ள வாடிக்கைக்காரர்கள் தயங்குவார்கள். காலில் போடப்போவது அவன் தைத்ததைத்தானே என்று எனக்குத் தோன்றும். தோன்றியதோடு சரி, யாரிடமும் கேட்டதில்லை.

செல்லம்மாளுக்கு இரண்டாவது இடமும் தவறிய மறுநாள் எனக்கு வேலை ஓடவில்லை. பின்னால் போய் அவன் எதிரில் உட்கார்ந்து, கையைப் பார்த்து ஒதுக்குகிறார்களே என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவன் ஊசியை நிறுத்தாமல் முழுவதும் கேட்டான். நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னான். "உங்களுக்கு இந்த வருத்தம் புதுசுங்க சாமி. அதான் பொறுக்க முடியலீங்க."

பெண் பார்க்க வந்த அன்று

மூன்றாவது இடம் ராசிபுரத்தார். மாப்பிள்ளை தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா. பேச்சைத் தொடங்கிய என் மைத்துனர், நான் சேலத்தில் ஒரு கடையில் இருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். என்ன கடை என்று அவர்கள் கேட்கவில்லை. "பூ வைக்கற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க மாமா" என்று எனக்கும் கட்டளை.

பெண் பார்க்க வந்தபோது நல்ல மழை. மாப்பிள்ளையின் பூட்ஸ் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. கூட வந்த அவருடைய அத்தை, பிள்ளை திரும்பிப் போகும்போது ஈரத்தில் கால் வைப்பானே என்று, அதை எடுத்துப்போய்ப் பின்கட்டில் வெந்நீர் அடுப்போரம் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சூடேறும் தோலின் வாசனை கூடத்துக்கு வந்தது. இன்னும் சற்றுப் போனால் தோல் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்தக் கொம்பனாலும் நிமிர்த்த முடியாது. எழுந்து போய் எடுத்தால் என் தொழில் தெரிந்துவிடும். மகள் கல்யாணமா, யாரோ ஒருவர் பூட்ஸா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பலகாரத் தட்டோடு வரவேண்டிய செல்லம்மாளைக் காணோம். அவளைத் தேடிப்போன அத்தையின் குரல் பின்கட்டில் உயர்ந்தது. எல்லோரும் எழுந்து போனோம். பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, அடுப்போரத்திலிருந்து எடுத்த பூட்ஸை மடியில் வைத்து, கயிற்றை உருவிவிட்டு, ஈரம் உறிஞ்ச உள்ளே பழந்துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள் என் மகள். "ஏஞ்சாமி, பொண்ணுப் புள்ள தொடற சாமானா இது? ஆரு உனக்கு இதெல்லாஞ் சொல்லிக்குடுத்தது?" என்றார் அத்தை.

"எங்கப்பா பூட்ஸ் கடையிலதானுங்க இருக்கறாரு" என்றாள் செல்லம்மாள். கையை நிறுத்தவில்லை. என் மனைவி சுவரோடு சாய்ந்துவிட்டாள். மைத்துனர் கூரையைப் பார்த்தார். எனக்கோ பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அவளைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்?

மாப்பிள்ளை குனிந்து பூட்ஸைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு இருக்கறது இது ஒண்ணுதானுங்க அத்தை" என்றார். பிறகு யாரையும் கேட்காமல், திண்ணமாக, செல்லம்மாளுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, இன்னொரு பூட்ஸின் கயிற்றைத் தானே உருவத் தொடங்கினார். உள்ளே எவ்வளவு துணி திணிக்க வேண்டும் என்று அவளைத்தான் கேட்டார், அவளும் காட்டினாள். அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று நான் அவரையே பார்த்தேன். "கண்ணாலத்துக்கு அப்பறம் அவன்ற செருப்ப அவனேதான் தொடச்சுக்கோணும், இப்பவே சொல்லிப்போட்டேன்."

ஜோட்டைக் காப்பாற்றும் வித்தையை வீட்டில் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்த கடைக்காரனுக்குக் கடைசியில் வாய்ப்பது, மறு ஜோடு வாங்கக் கடைப் பக்கமே எட்டிப் பார்க்காத மருமகன்தான்.