மாத்திரைதான் போட்டாச்சே

கம்சிங் பிசைந்த கோயைத் தின்னாமல், தாய்லாந்தின் சீ ஆற்றங்கரையில் அறுவடை முடிந்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பச்சை மீனைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, செவ்வெறும்பும் மிளகாய்த்தூளும் போட்டு அவர் பிசைந்தால் ஆண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மீனில் இருக்கும் புழு ஈரலில் குடியேறும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லாத ஆண்டில்லை. அதற்காக, அறுவடை முடிந்ததும் ஒரு புழு மாத்திரையை விழுங்குவார். அடுத்த அறுவடைக்கு மறுபடியும் கோய். வயிற்றை ஸ்கேன் செய்யும் வண்டி விகாரைக்கு வந்தால், "சட்டியைக் கழுவியாச்சு, அப்புறம் எதுக்குக் கவுத்துப் பாக்கணும்?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

இந்த மழைக்காலத்தில் அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. சிறுநீர் கடுந்தேநீர் போலப் போனது. கண் மஞ்சளானதை மனைவி துவாங்தா பார்த்துவிட்டாள். அவளுடைய அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனில் ஈரலுக்குள் பித்தக்குழாய்கள் வீங்கித் தெரிந்தன. குழாயிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க இன்னும் படங்கள் எடுத்தார்கள். பித்தக்குழாய் இரண்டாகப் பிரிவதை மருத்துவர் ஒரு தாளில் கவட்டை போல வரைந்து காட்டினார். நோய் ஒரு கிளையோடு நின்றிருந்தால் அந்தப் பக்கத்து ஈரலை வெட்டி எடுத்துவிடலாம். முடிவு வரும்வரை கம்சிங்கின் கண்ணுக்குள் அந்தக் கவட்டைதான் நின்றது.

"ரெண்டு கிளையிலயும் ஏறிடுச்சு பெரியப்பா. ஈரலைத் தாண்டியும் போயிருக்கு. வெட்ட முடியாது. பித்தம் எறங்க உள்ள ஒரு குழாய் வெக்கிறோம்."

"மாத்திரை தவறாமப் போட்டேனேம்மா."

"புழு செத்துச்சு. அது பண்ண புண்ணு ஆறுறதுக்குள்ள அடுத்த புழுவ உள்ள விட்டீங்க." மருத்துவர் பேனாவை எடுத்தார். "உங்களோட யாரெல்லாம் தின்னாங்க?"

கம்சிங்குக்கு ஆற்றங்கரை முழுவதும் நினைவுக்கு வந்தது.

மறுபடி ஸ்கேன் வண்டி வந்தபோது விகாரை வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வயல்காரன் தோங்தாம் வண்டியைச் சுற்றிக்கொண்டு நழுவப் பார்த்தான்.

"நான் மாத்திரை போட்டுட்டேண்ணே."

"நானுந்தான்டா. என் கண்ணைப் பாத்துட்டுப் போ."

தோங்தாம் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறினான்.

அவனுக்கு முன்னால் ஏறியவர்கள் ஸ்கேன் முடிந்து சீக்கிரமே இறங்கிவிட்டார்கள். அவன் இறங்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து நர்ஸ் மருத்துவரைக் கூப்பிடுவது கேட்டது. கம்சிங் படியடியில் கிடந்த அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.