ஒற்றைத் தட்டு, இரட்டைத் தட்டு

நான் இப்போது பட்டப்பகலிலும் லைற் போட்டுத்தான் வான் ஓடுகிறேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் இது நடந்தது. பண்ணைத் தாம்போதியில், கடலுக்கு நடுவால் போகிற றோட்டில், போன தை மாதம், விடிந்த பிறகு. இரவில் நடந்திருந்தால் நித்திரைக் கலக்கம் என்று நானே விட்டிருப்பேன்.

நான் ஜஸ்ரின். குருநகரில் வாடகை வான் ஓடுகிறவன். எங்கள் பக்கத்தில் பகலில் ஒரு வாகனம் பெரிய லைற்றைப் போட்டுக்கொண்டு வந்தால் அது செத்தவீட்டு வாகனம். பிரேத வண்டியும் அதன் பின்னால் வருகிற அத்தனை வாகனங்களும் லைற் எரியத்தான் போகும். கண்டவர்கள் ஓரமாக நின்று தொப்பியைக் கழற்றுவார்கள்.

அதற்கு முந்திய ஆவணியில் குடும்பமாக மலைநாட்டுக்குப் போனோம். வழியில் ஒரு சுரங்கப் பாதை. முன் சீற்றில் மாமா மரியரட்ணம், என் மனைவி றெஜினாவின் அப்பா. காலமெல்லாம் பஸ் கொண்டக்டராக இருந்த மனுசன். றோட்டுச் சட்டம் அவருக்குச் செபம் மாதிரி.

"உள்ளிட முதல் லைற்றைப் போடும் தம்பி. டிப்பிலை போடும், எதிர வாறவன்ரை கண்ணிலை அடிக்கக்கூடாது. நாலு சிக்னலையும் போட்டிடாதையும், நிக்கிற வாகனமெண்டு பின்னாலை வாறவன் நினைப்பான். வெளியிலை வந்தவுடனை நூரும்."

எல்லாம் செய்தேன். நூர்க்க, அதுதான் அணைக்க, மட்டும் மறந்துவிட்டேன். லைற் எரிய எரிய மலையெல்லாம் இறங்கி ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினால், கடைக்காரர் கிட்ட வந்து மெல்லக் கேட்டார்.

"யாரு தம்பி தவறிட்டாங்க?"

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம். இனிச் செத்தாலும் பகலில் லைற் போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

தையில் றெஜினா பிள்ளைப்பேற்றுக்காக ஊர்காவற்றுறையில் தாய்வீட்டில் இருந்தாள். இதற்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இதுவும் போனால் அவள் தாங்கமாட்டாள். நானும்தான். அதனால் ஒரு கிழமையாக வானோடு அங்கேயே கிடந்தேன்.

விடியப்புறம் நோவு கண்டது. அவளையும் மாமியையும் பின் சீற்றில் ஏற்றினேன். வெளியே ஒரே பனிப்புகார், வெள்ளையாக மூடியிருந்தது. கேற் மட்டும்தான் தெரிந்தது.

மாமாவிடம் ஒரு பழக்கம். வான் வெளிக்கிடும்போது பக்கத் தகட்டில் இரண்டு தரம் தட்டுவார். டொக் டொக். பஸ்காரர் பாஷையில் அது "போ". ஒரு தட்டென்றால் "நில்".

அன்றைக்கு விழுந்தது ஒரு தட்டு.

நிறுத்தினேன். மாமா வெளியில் நின்றபடி யன்னலால் தலையை உள்ளே நீட்டினார். அந்தக் குளிரிலும் அவர் முகமெல்லாம் வியர்வை. அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

"லைற்றைப் போடும். புகாரும் சுரங்கந்தான்."

"பிள்ளைப்பேத்துக்குப் போற வான், மாமா. இதென்ன பிரேத வண்டியே?"

அவர் றெஜினாவை ஒருதரம் பார்த்தார். கையை எடுத்தார். நான் கியரைப் போட்டு மெல்ல உருட்டினேன். அந்த இரட்டைத் தட்டுக்காகக் காது காத்துக்கொண்டிருந்தது. கேற் தாண்டியும் அது விழவில்லை.

வேலணை தாண்டி அல்லைப்பிட்டி வரைக்கும் றோட்டு ஓரளவு தெரிந்தது. தாம்போதியில் ஏறினோம்... எல்லாம் போய்விட்டது. இரண்டு பக்கமும் கடல் என்று தெரியும். கடலைக் காணவில்லை. அலைச் சத்தமும் இல்லை. றெஜினாவின் முனகல் மட்டும் கேட்டது.

கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு சோடி லைற்.

ஒரு பக்கத்து லைற் மஞ்சள். மற்றது வெள்ளை. பழங்காலத்துக் கார் லைற் போல உருண்டை. ஒருதரம் நூர்ந்து எரிந்தது.

முந்தப் போகிறான் போல என்று ஓரம் கட்டினேன். முந்தவில்லை. வேகத்தைக் குறைத்தேன். அதுவும் குறைத்தது. எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன்.

இல்லை.

திரும்பவும் ஒருதரம் நூர்ந்து எரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சோடி தெரிந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று... வரிசையாக. அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தன.

"மாமி, பின்னாலை ஆர் வாறது எண்டு பாருங்கோ."

மாமி திரும்பி வடிவாகப் பார்த்தா.

"ஒருத்தருமில்லைத் தம்பி. வெள்ளையாக் கிடக்கு."

பின்னால் லைற் வரிசை. முன்னால் நான். சவப்பெட்டி போகிற இடத்தில் என் வான். வானுக்குள் றெஜினா.

முனகல் நின்றுவிட்டது.

"றெஜினா..."

கழுத்தைத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"றெஜினா!"

கண்ணாடியில் அந்த லைற் கிட்ட வந்துவிட்டது. நூர்ந்தது. எரிந்தது.

ஒன்று...

பிறகு ஒன்று...

பிறகும் ஒன்று.

ஒற்றைத் தட்டு.

நில்!

கால் தானாகப் பிறேக்கில் விழுந்தது. கை லைற்றைப் போட்டது. டிப்பில்.

முன்னால் ஒரு டிப்பர் லொறியின் பின்பக்கம். இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. அதில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. நான் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். டிப்பர்க்காரன் ரோச்சோடு ஓடிவந்தான்.

"அண்ணை, நடு றோட்டிலை நிண்டிட்டுது. பற்றரி செத்துப்போச்சு, ஒரு லைற்றும் எரியேல்லை. உங்கடை லைற்றைக் கண்டுதான் ஓடிவாறன்."

பின்னால் றெஜினா பெரிதாக மூச்சு விட்டு, "என்னப்பா, ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்றாள். நோவு விட்ட நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டாளாம். அந்தக் குரலைக் கேட்டு நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கண்ணாடியைப் பார்த்தேன். வெறும் புகார்.

பெரியாஸ்பத்திரியில் பத்து மணிக்கு முன் பிள்ளை பிறந்தது. மகள். நல்ல சத்தமாக அழுதாள். மாமாவுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். றெஜினாவின் தங்கை சுவர்ணாவிடமிருந்து பதினொரு அழைப்புகள் வந்திருந்தன.

"அத்தான்... நீங்கள் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரந்தான். அப்பா கேற்றைப் பிடிச்சபடி அப்பிடியே இருந்திட்டார்."

மாமா பிறந்த ஊர் தாம்போதிக்கு அப்பால் இருக்கிற கொழும்புத்துறை. தாயின் பக்கத்தில் தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்று எப்போதும் சொல்வார். அடக்கத்தன்று பூசை முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரம் பிரேத வண்டி ஸ்ராட் எடுக்கவில்லை. தள்ளியும் பார்த்தார்கள். கடைசியில் என் வானின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு மாமாவை ஏற்றினோம்.

நான் முன்னால். பின்னால் மற்ற வாகனங்கள். பகல் இரண்டு மணி, நல்ல வெயில். லைற்றைப் போட்டேன், டிப்பில். தாம்போதியில் ஏறி, கண்ணாடியைப் பார்த்தேன்.

உருண்டை லைற். ஒன்று மஞ்சள். மற்றது வெள்ளை.

மாமாவின் சிநேகிதர் ஐசாக் அங்கிளின் பழைய ஒஸ்ரின் கார்.

எனக்குப் பின்னால் பெட்டி லேசாக அசைந்தது. அந்த லைற் நூர்ந்து எரிந்தது. திரும்பவும் நூர்ந்து எரிந்தது.

இரண்டு தரம்.

போ.

அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

சேமக்காலையில் அடக்கம் எல்லாம் முடிந்து சனம் கலையும்போது ஐசாக் அங்கிளைப் பிடித்தேன்.

"அங்கிள், தாம்போதியிலை ஏன் ரண்டு தரம் லைற் அடிச்சனீங்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"லைற்றோ? இஞ்சை வாரும் தம்பி."

காரின் முன்பக்கம் கூட்டிப்போனார். லைற் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பொந்துகள். கண்ணாடியும் இல்லை, பல்ப்பும் இல்லை. ஒன்றுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

"உடைஞ்சு ரண்டு வருசமாச்சு. சாமான் கிடைக்கேல்லை. இதுக்காக உம்மடை மாமா என்னைப் பேசாத நாளில்லை."

மற்றப் பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தகடு சுட்டது.

"வெயில் சூடு" என்றார் ஐசாக் அங்கிள்.

கார் வந்ததிலிருந்து வேப்பமரத்தின் கீழே, நிழலில்தான் நின்றது.