பெயர் சொல்லாத ஜெபம்

என் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சின்னத் தலையணை இருக்கிறது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தால் மறைந்துவிடும். வெளிர்நீலப் பருத்தித் துணி, உள்ளே இலவம் பஞ்சு, நான்கு ஓரமும் கைத்தையல். இது தலை வைப்பதற்கானது அல்ல, இருமும்போது வயிற்றில் அழுத்திப் பிடிப்பதற்கு. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு இருமல், தும்மல், சிரிப்பு எல்லாமே தண்டனைதான். தையல் பிரிந்துவிடுமோ என்று பயப்படும்படி ஓர் இழுவை வரும். நான் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே இதைத் தைத்துக்கொண்டு வந்தவர் ரீச்சர். "இருமேக்கை இதை வயித்தோடை அமத்திப் பிடியும் பிள்ளை. சிரிக்கேக்கையும் அப்பிடித்தான். நான் பக்கத்திலை இருந்தால் உமக்குச் சிரிப்புத்தான் கனக்க வரும்" என்றார். சொன்னபடியே வந்தது.

நான் எழுதுவினைஞராக இருக்கும் பாடசாலையில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர் ரீச்சர். எங்கள் தேவாலயத்தில் பெண்களை ஒன்றுசேர்த்து வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடத்துபவரும் அவர்தான். அம்மாவும் போனபின் நான் தனியாக இருந்த வீட்டுக்குக் கேட்காமலே வந்து போகிற உரிமை அவர் ஒருவருக்கே இருந்தது. இரத்தப்போக்கு அதிகமாகி, அலுவலகக் கதிரையில் கறுப்புத் துணியை மடித்துப் போட்டுக்கொண்டு நான் இருந்த மாதங்களில், என் முகம் வெளிறியிருப்பதை முதலில் கண்டவரும் அவரே. இந்தச் சத்திரசிகிச்சை அவருக்கும் முன்னரே நடந்திருந்தது. ஸ்கான் எடுக்க அழைத்துப் போனார், இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டியபோது தோடம்பழம் உரித்துத் தந்தார், கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுப்பதுதான் வழி என்று வைத்தியர் சொன்னபோது என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு கலியாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. மாப்பிள்ளை பண்டத்தரிப்பில் கணிதம் படிப்பிக்கிற மாஸ்ரர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. போதகரின் வீட்டில் இரண்டு தரம் சந்தித்தோம். முதல் தரம் நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டதை ஏன் என்று அவர் கேட்கவில்லை. இரண்டாம் தரம் தேநீர் வருமுன் எழுந்து குசினி வாசலுக்குப் போய், "அவவுக்குச் சீனி போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வந்து இருந்தார். என் மனம் அந்த இடத்தில்தான் இசைந்தது.

அவருக்கு நானே சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அரைகுறையாகச் சொல்ல விரும்பவில்லை. எடுத்த கட்டி புற்றுநோய் இல்லை என்ற முடிவும் கையில் வந்தபின், நடந்தது, இனி நடவாதது எல்லாவற்றையும் ஒருமிக்கச் சொல்வது என்று தீர்மானித்தேன். ரீச்சரிடம் மட்டும் சொன்னேன். "நான் சொல்லுமட்டும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது ரீச்சர்." அவர் தன் வாயைப் பூட்டித் திறப்பைக் கிணற்றில் எறிவதுபோலக் கையால் காட்டினார். இருவரும் சிரித்தோம். அப்போது எனக்குத் தலையணை தேவைப்படவில்லை.

மற்ற ஆயத்தங்களை என் வழக்கப்படி ஒழுங்காகச் செய்தேன். முன்பக்கம் தெறி வைத்த சட்டைகளை மட்டும் எடுத்து வைத்தேன். குனியக்கூடாது என்பதால் அரிசி, பருப்பு, தேயிலைப் பேணிகளைக் கீழிருந்து மேல்தட்டுக்கு மாற்றினேன். ஆறு கிழமைக்கு வாளி தூக்கக்கூடாது என்றதால் கிணற்றடியில் தண்ணீர் அள்ளப் பக்கத்து வீட்டாரோடு பேசி வைத்தேன். எதுவும் தவறக்கூடாது என்று கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் கிடந்த கால்மிதியைக்கூடச் சுருட்டி வைத்தேன்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது வாய் உலர்ந்து கிடந்தது. ரீச்சர் பஞ்சை நனைத்து என் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார். காற்றுப் பிரிந்தால்தான் சாப்பாடு என்று தாதி சொல்லிவிட்டுப் போனாள். "ஊரெல்லாம் அடக்கிவைக்கச் சொல்லி வளத்தவை, இப்ப விடச் சொல்லிக் கெஞ்சினம்" என்று ரீச்சர் முணுமுணுத்தார். நான் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தேன். ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்பும் விதத்தைப் பழக்கியதும் அவரே. வீட்டுக்கு வந்தபின் முருங்கையிலைச் சூப்பும் மல்லித்தண்ணியும் அவர் வீட்டுப் பிளாஸ்கில் வரும்.

அந்தப் பின்னேரங்களில், மாஸ்ரருக்குச் சொல்லவிருந்ததை ரீச்சருக்கு முன்னால் சொல்லிப் பார்ப்பேன். "எனக்கு இனிப் பிள்ளை பிறக்காது. கர்ப்பப்பையை எடுத்தாச்சு. இதைக் கேட்ட பிறகு உங்கடை விருப்பம் எதுவோ அதை என்னட்டை நேரை சொல்லுங்கோ." ரீச்சர் கண்ணை மூடிக் கேட்பார், கொப்பி திருத்துகிறவர்போல. "பிறக்காது எண்டதிலை தொடங்காதையும். கேக்கிற மனுசன் வெருண்டுபோவான். நான் இப்ப நல்ல சுகம் எண்டு முதல் சொல்லும். மிச்சம் பிறகு." நான் மாற்றிச் சொன்னேன். "இப்ப சரி" என்றார். இன்னொரு நாள் குரல் நடுங்குகிறது என்று திரும்பவும் சொல்ல வைத்தார்.

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. மாஸ்ரருக்குச் செய்தி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "காயம் ஆறட்டும் பிள்ளை, என்ன அவசரம்?" என்றார் ரீச்சர். அந்தக் கிழமையே தேவாலயத்திலிருந்து ஒரு அக்கா விசுக்கோத்துப் பெட்டியோடு என்னைப் பார்க்க வந்தார். "உமக்கென்ன குறை? நீர் ஆஸ்பத்திரிக்குப் போக முதலே பண்டத்தரிப்பிலை முழங்காலிலை நிண்டு ஜெபிச்சம். மாஸ்ரரின்ரை தமக்கையும் நிண்டவ. அவதான் கூட அழுதது."

அவர் போனபின் ரீச்சர் வந்தார். பிளாஸ்கை மேசையில் வைக்கவிடாமல் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "நான் பேர் சொல்லேல்லை, பிள்ளை. கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற சகோதரி ஒராளுக்குக் கர்ப்பப்பை எடுக்கப் போகினம், ஜெபியுங்கோ எண்டுதான் சொன்னனான்."

"மாஸ்ரருக்குத் தெரியுமோ?"

"ஓம். தமக்கை போய்ச் சொல்லியிருக்கிறா. அடுத்த நாளே வந்து, இது சரிவராது எண்டு என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போனவ. ஆஸ்பத்திரிக்குப் போக நிண்ட உமக்கு, பிறகு தையலோடை கிடக்கிற உமக்கு, அதை எப்பிடிச் சொல்லுறது?"

ஜெபத்தை நான் மன்னித்திருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன். அவருக்கு ஜெபம் மூச்சு மாதிரி, வாயில் வந்திருக்கும். ஆனால் எல்லாம் முடிந்துவிட்டதென்று தெரிந்துகொண்டே, என் எதிரில் கண்ணை மூடி இருந்து, அந்த வசனங்களை ஒழுங்குபடுத்தித் தந்தாரே, இன்னொரு தரம் சொல்லும் என்றாரே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. "சூப் ஆறுது" என்றார். வேண்டாம் என்றேன். பிளாஸ்கோடு போனார். அதன்பின் நான் கதவைத் திறக்கவில்லை. மிச்சக் கிழமைகளில் ஒருக்களித்து, கையை ஊன்றி, தனியாக எழும்பினேன்.

இரண்டு வருடம் கழித்துக் கொடிகாமம் சந்தையில் மாஸ்ரரைக் கண்டேன். சற்றுத் தள்ளி ஒரு பெண் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். மாஸ்ரர் பையை நீட்டிய விதத்திலேயே அவருடைய மனைவி என்று தெரிந்தது. மாஸ்ரர் என்னிடம் வந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். "அக்காதான் வேண்டாமெண்டவ. நான் அப்பிடிச் சொல்லேல்லை. நீங்கள் வந்து சொல்லுவியள் எண்டு கனநாள் பாத்துக்கொண்டிருந்தனான். ரீச்சரிட்டையும் கேட்டனான். காயம் ஆறட்டும் எண்டவ." பிறகு, "இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

"நான் இப்ப நல்ல சுகம்" என்றேன். ரீச்சர் திருத்தித் தந்த முதல் வசனம். மிச்சத்தைச் சொல்ல இடமிருக்கவில்லை.

ரீச்சர் இன்றைக்கும் ஞாயிறுகளில் எனக்கு முன் வாங்கில் இருக்கிறார். ஜெப விண்ணப்பம் உண்டா என்று போதகர் கேட்கும்போது அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பேன். போன மாதம் மழைக்குப் பிடித்த இருமல் விடவில்லை. தழும்பு எப்போதோ ஆறிவிட்டது, வலியும் இல்லை. ஆனாலும் இருமல் வந்ததும் கை தானாகக் கீழ்த்தட்டுக்குப் போனது. நீலத் தலையணையை வயிற்றோடு அமத்திப் பிடித்துக்கொண்டு இருமினேன். அதன் தையல் ஓர் இடத்திலும் விடவில்லை. அவ்வளவு கவனமாகத் தைத்திருக்கிறார்.