ஹெல்மெட்டுக்குள் வழிந்த டை

மே மாத மத்தியான வெயிலில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை பைக் ஓட்டிப் போய், கசங்காத சட்டையோடு டாக்டர் முன்னால் போய் நிற்பது லேசான காரியமில்லை. மெடிக்கல் ரெப் ஆரோக்கியசெல்வம் அப்படித்தான் இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தார். வயது ஐம்பத்தொன்று. சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. வேலைக்காகப் பெரம்பலூரில் குடியிருந்தார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது தொளதொளத்த பழைய காட்டன் சட்டை. ஹெல்மெட்டுக்குள் நனைத்துப் பிழிந்த கைக்குட்டை, கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு. இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை பைக்குள் தனியாக உறையில் கிடக்கும். பேரளியில் மரத்தடி பார்த்து நிறுத்தி, கொண்டுவந்த மோரில் பாதியைக் குடிப்பார். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற புழுதி எல்லாம் பழைய சட்டையோடு போய்விடும். அரியலூருக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே முகம் கழுவி, சட்டை மாற்றி, கழுத்தில் டை கட்டி வெளியே வந்தால், பெட்ரோல் போடும் வேல்முருகன் சிரிப்பான். "பொண்ணு பாக்கப் போற மாதிரியே இருக்கீங்க சார்."

இந்தக் கோடையில் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். பெயர் ராஜா, முப்பத்தைந்து வயது, திருச்சிக்காரர். முதல் மீட்டிங்கிலேயே, "டாக்டர் முன்னாடி நிக்கிற ஆளு யங்கா தெரியணும்" என்றார். அடுத்த மாதமே வயதான ரெப் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களாகப் போனார்களா, அனுப்பிவிட்டார்களா என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ராஜாவிடமிருந்து ஆரோக்கியசெல்வத்துக்கு மெசேஜ் வந்தது: வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு அரியலூரில் டாக்டர் தென்றலின் கிளினிக்கில் சந்திக்கலாம்.

வியாழன் காலையில் அவர் கண்ணாடி முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக நரைமுடிக்குக் கருப்பு டை அடித்துக்கொண்டார். மனைவி ஜெயராணி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தன வருசம் இல்லாம இப்ப எதுக்குங்க இது?"

"ஒனக்குத் தெரியாது ஜெயா. வயசானவன்னு தெரிஞ்சா கழட்டி வுட்டுருவாங்க."

"அவசரத்துல அடிச்சா நிக்காதுங்க. நல்லா அலசுங்க."

அலச நேரமில்லை. காலையில் பெரம்பலூரிலேயே நாலு டாக்டர்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டரைக்கு அரியலூர் ரோட்டில் ஏறினார். தார் ரோடு கானலில் நெளிந்தது. பங்கில் இறங்கி, சட்டை மாற்றி, டை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வேல்முருகன் சிரிக்கவில்லை.

"சார், காதோரம் கருப்பா என்னமோ வழியுது சார்!"

கைக்குட்டை ஈரமும் வியர்வையும் சேர்ந்து சாயத்தைக் கரைத்திருந்தன. பைக் கண்ணாடியில் பார்த்தார். வெள்ளைக் காலர் மேல் கருப்பு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. "மாதாவே!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். மணி ஒன்று ஐந்து.

"உக்காந்தா ஆச்சா சார்? வாங்க" என்று வேல்முருகன் அவரைப் பின்பக்கக் குழாயடிக்கு இழுத்துப் போனான். கிரீஸ் கழுவ வைத்திருந்த சோப்பைப் போட்டுத் தேய்த்தான். சாயம் பாதி போனது, பாதி போகவில்லை. சட்டையோ கழுவக் கழுவ மோசமாயிற்று. பழைய சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் பறந்தார். முதலில் கண்ணில் பட்ட ரெடிமேட் கடையில் அவர் அளவுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்: சந்தன நிறத்தில் அரைக்கை காட்டன் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு, ஈரத்தலையைப் பின்னால் வாரி, கழுத்தில் டை இல்லாமல் கிளினிக்குக்குள் நுழைந்தபோது, இருபத்திரண்டு வருஷ வேலை இன்றோடு முடிந்தது என்றே நினைத்தார்.

உள்ளே ராஜா இருந்த நிலை வேறு. திருச்சியிலிருந்து பைக்கிலேயே வந்திருக்கிறார். உடம்பைப் பிடிக்கிற கருப்பு முழுக்கைச் சட்டை, இறுக்கிக் கட்டிய டை, முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். டாக்டர் தென்றல் அவர் கழுத்து முடிச்சை அவிழ்த்துவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க செல்வம். இந்த வெயில்ல டை எதுக்குங்க? ஒடம்புக்கு ஆவுமா?"

ஆரோக்கியசெல்வத்தின் கை தானாகத் தலைக்குப் போனது. "வூட்லயும் சொன்னாங்க டாக்டர். இன்னைக்குத்தான் மொத தடவ. இனிமே சத்தியமா அடிக்க மாட்டேன்."

"அடிக்கிறதா? நான் இவரு கழுத்துல கட்டுன டையச் சொன்னேன்."

டாக்டர் அவருடைய தலையை உற்றுப் பார்த்தார். பாதி வெள்ளை, பாதி செம்பட்டை. சாயம் பட்டுக் காதோரம் தடித்திருந்ததையும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ராஜாவும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்காகவா சார் அடிச்சீங்க?"

ஆரோக்கியசெல்வம் தலையாட்டினார். மறைக்க இனி என்ன இருக்கிறது?

"நான் வந்ததே வேற விஷயமா சார்" என்றார் ராஜா. "மே மாசம் ரெப்புங்க பாதிப் பேரு வூட்ல இருந்துக்கிட்டே டாக்டரப் பாத்தேன்னு ரிப்போர்ட் எழுதிடுறாங்க. ஒங்க ஏரியால எந்த டாக்டரக் கேட்டாலும், செல்வம் வந்தாரு, பளிச்சுன்னு வந்தாருங்குறாங்க. எப்படிப் போறாருன்னு பாக்கத்தான் வந்தேன். எழுபது கிலோமீட்டர்லயே என் கத முடிஞ்சிருச்சு."

"அப்ப அந்த ரெண்டு பேரு?"

"ஒருத்தர் மகன்கிட்ட துபாய் போயிட்டாரு. இன்னொருத்தர் மருந்துக்கடை வச்சிருக்காரு. நான் யாரையும் அனுப்பல சார்."

ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. ஆரோக்கியசெல்வம் அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் சுற்றிய ஃபேன் காற்று அப்போதுதான் அவர் மேல் பட்டது. புதுச் சட்டைக்குள் அது சுகமாகப் புகுந்து போனது.

"இந்தச் சட்ட நல்லாருக்கு செல்வம், வயசுக்கு ஏத்த அழகு" என்றார் டாக்டர்.

நாலரைக்கு வெயில் தணிந்ததும் அடுத்த டாக்டரைப் பார்க்க இரண்டு பேரும் ஜெயங்கொண்டத்துக்குக் கிளம்பினார்கள். ஆரோக்கியசெல்வம் துண்டை நனைத்துப் பிழிந்து ராஜாவின் கழுத்தில் சுற்றிவிட்டார். ராஜா தன் டையைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, மெல்லப் போகலாம் சார் என்று சொல்லி, அவருக்குப் பின்னால் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.