அதிக டிக் வாங்கிய புத்தகம்

அப்பா வாங்கிய புத்தகங்கள் எல்லாம் காலம் கடந்தவை. சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தவை. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக எழுதிய ஆங்கிலப் புத்தகங்கள். கச்சா எண்ணெய் தீர்ந்துபோகும், டாலர் விழும், தங்கம் ஏறும், இந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தால் வட்டி குறையும் என்றெல்லாம் எழுபதுகளின் கடைசியில் ஆரூடம் சொன்னவை. அவற்றை அப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து படித்தார்.

பழசு என்பது அவருக்குக் குறையாகப் படவில்லை. சொன்னது நடந்ததா இல்லையா என்று சரிபார்க்க வசதியாக இருந்தது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பில் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். பென்சிலோடு படிப்பார். நடந்திருந்தால் ஓரத்தில் டிக். நடக்காததற்குப் பெருக்கல் குறி. டிக் குறைவாக வாங்கிய புத்தகம் அடுத்த முறை ரயிலேறி அதே கடைக்குத் திரும்பிப் போகும்.

நான் அப்போது ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் உதவி ஆசிரியர். மண்ணூர்பேட்டையில் மனைவியோடு வாடகைக்கு இருந்தேன். புதன்கிழமை வார விடுமுறை. அன்று அப்பாவைப் பார்க்கப் போவேன். குறிப்பிட்ட வருடத்தில் எண்ணெய் விலை உண்மையிலேயே அவ்வளவு ஏறியதா, அந்த நாட்டுத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்பார். அலுவலகக் கோப்புகளைப் பார்த்து அடுத்த புதன் சொல்வேன். பென்சிலை எடுப்பார். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. பேச்சு வரவில்லை.

அக்கா அப்பாவோடு இருந்தாள். ஆவடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. திருமணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கேட்பதை உறவினர்கள் நிறுத்தியிருந்தார்கள். கிழக்குப் பக்க அறை அவளுடையது. வீடு கட்டிய நாளிலிருந்து அவள்தான் அதில் இருந்தாள்.

பங்குகளைப் பற்றித் தமிழில் வந்த சிறு கையேடு ஒன்று விமர்சனத்துக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தது. அதை அப்பாவிடம் கொடுத்தேன். அட்டையில் ‘பங்கு’ என்று பெரிய எழுத்து. மாதா கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வந்த உபதேசியார் அதைப் பார்த்துவிட்டார். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் பங்கு என்றால் ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயிலும் அதன் மக்களும்தான்.

“பங்குப் பேரவைக்கு நிக்கிறீங்களா சார்? சொல்லவே இல்லியே” என்றார்.

அப்பா இது வேறு பங்கு என்றார்.

“வேறன்னா? ஆவடிப் பங்கா? அங்க சாமியார் ரொம்பக் கண்டிப்பாச்சே.”

சமையலறையில் அக்கா சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

ஒரு புத்தகம் மற்ற எல்லாவற்றையும்விட அதிக டிக் வாங்கியது. அதன் ஆசிரியர் எண்ணெயில் தவறவில்லை, தங்கத்திலும் தவறவில்லை. கடைசி அத்தியாயத்தில் அவர் சொன்னது ஆரூடம் அல்ல, அறிவுரை. குடியிருக்கும் வீடு சொத்து அல்ல, செலவு. அதை விற்றுப் பங்குகளில் போட்டுவிட்டு வாடகைக்கு இருப்பவனே விவரமானவன். அப்பா அந்தப் பக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே எனக்கு வாசித்துக் காட்டினார்.

பங்கு விலை தினமும் ஏறிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எங்கள் பக்கத்தில் தலைப்புக்கு வேறு வினைச்சொல் தேடிக் களைத்திருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளில் புதுப் பங்கு விண்ணப்பங்கள் கை மாறின. நான் அப்பாவிடம், அந்த ஆள் தன் நாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார், அங்கே வாடகைக்கு இருப்பவனுக்குச் சட்டம் வேறு என்றேன்.

“டிக்க எண்ணிப் பாரு” என்றார்.

ஒரு புதன்கிழமை மதியம் சாப்பிடும்போது சொன்னார். வீட்டை விற்கப் போகிறார். மூன்று பேர் பெயரிலும் சமமாகப் பங்குகள் வாங்குவார். பள்ளிக்கு அன்று விடுமுறை, அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“உன் பங்கு உன் பேர்லயே இருக்கும் பாப்பா” என்றார்.

“எனக்குப் பங்கு வேணாம்பா. ரூமு வேணும்.”

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு மோர் கேட்டார். எண்ணத்தைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் நான் போனபோது வழி கண்டுபிடித்திருந்தார். விற்ற வீட்டிலேயே வாடகைக்கு இருப்பது. புத்தகம் சொன்னதும் ஆயிற்று, அக்காவுக்கு அறையும் ஆயிற்று.

வாங்க வந்தவர் அந்த ஊர்க்காரர். எங்கள் மனையே முன்பு அவர் குடும்பத்தின் நெல்வயல். அவருடைய தந்தைதான் அப்பாவுக்கு விற்றார். இப்போது செங்கல், மணல் லாரிகள் வைத்திருந்தார்.

“இன்னா சார், ஊட்ட வித்துட்டு அதே ஊட்டுக்கு வாடக குடுக்கறேன்றீங்க? நல்லா யோசிச்சிக்கினீங்களா?”

அப்பா அவருக்கும் அந்த அத்தியாயத்தை விளக்கினார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். போகும்போது கேட் அருகே என்னை நிறுத்தினார்.

“நைனாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? எனக்கு எடம் வேணும்தான். ஆனா மனசு ஒரு மாதிரி கீது.”

உடம்பு நன்றாக இருக்கிறது என்றேன். அது உண்மை.

பத்திரப்பதிவு முடிந்தது. அக்கா வேண்டாம் என்ற பங்குகளையும் அப்பா அவள் பெயரிலேயே வாங்கினார். வாடகையை அவள் சம்பளத்திலிருந்து கொடுத்தாள். அப்பாவின் பணம் பங்குகளில் இருந்தது. பங்குகள் விழுந்தன. எங்கள் பக்கத்தில் அதற்கும் வினைச்சொற்கள் தீர்ந்தன. பிறகு கொஞ்சம் ஏறின. குடும்பம் நடுத்தெருவுக்கு வரவில்லை, யாரும் பணக்காரர் ஆகவும் இல்லை. அப்பா புதிய புத்தகங்கள் வாங்குவதை நிறுத்தி, அந்த ஒன்றையே திரும்பத் திரும்பப் படித்தார். அக்கா பள்ளிக்குப் போய் வந்தாள். நான் புதன்கிழமைகளில் போய் வந்தேன்.

வாடகை ஒப்பந்தத்தை இரண்டாவது முறை புதுப்பிக்கும் நேரம். வீட்டுக்காரர் மாலையில் வந்தார். அக்கா அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

“டீச்சரம்மா, தப்பா நெனிச்சிக்காதீங்க. பையனுக்குக் கல்யாணம் வெச்சிக்கீறோம். அந்தாண்ட ரூமு ஒண்ணு மட்டும் வேணும். வாசல தனியா ஒடச்சிக்கறேன்.”

கிழக்குப் பக்க அறையைத்தான் கேட்டார். அக்கா எப்போது வேண்டும் என்று கேட்டாள். தை பிறந்ததும் என்றார். சரி என்றாள். அப்பா நாற்காலியிலிருந்தபடியே வாடகையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டார். பாதி குறைக்கிறேன் என்றார் அவர். நியாயமான பேச்சு. யாரும் குரல் உயர்த்தவில்லை.

ஹாலில் படுத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். அக்கா கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆவடியில் தன் பள்ளிக்குப் பின்தெருவில், ஒரு வீட்டு மாடியில் ஓர் அறை பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டாள். போகிற நாளன்று காலையில்தான் அப்பாவிடம் சொன்னாள். நான் உதவிக்கு வந்திருந்தேன்.

அப்பா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். வாடகைக்கு இருப்பதன் வசதியே அதுதான், நினைத்தபோது இடம் மாறலாம் என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்காகச் சந்தோஷப்படுவது போலத்தான் இருந்தது முகம்.

அக்கா தன் அறைக்குள் போனாள். துணிமணிகளை முந்தின நாளே கட்டி வைத்திருந்தாள். இரும்புக் கட்டில் மட்டும் பாக்கி. அதைக் கழற்ற ஸ்பானர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். தேடினேன். அந்த அளவில் எங்களிடம் இல்லை. வீட்டுக்காரரிடம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்கப் போனாள்.