கண்ணாடிக் கடையில் ஒரு பாம்புப் புத்தகம்

ஆரணியில் நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மருந்துக் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கடை. பட்டு நெய்கிற ஊரில் இந்தத் தொழிலுக்கு ஆள் குறையவே குறையாது. நாற்பது வயதைத் தாண்டியதும் இழை தெரியவில்லை, ஊசி கோக்க முடியவில்லை என்று வந்துவிடுவார்கள். வெள்ளெழுத்துதான், வேறொன்றும் இல்லை.

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடும்போது கையில் ஓர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து. எங்கள் கடை அட்டையில் இருந்த வரிகள் பழைய வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடம். லென்ஸைச் சரியாகப் பொருத்துவதற்குள் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "நல்லாத் தெரியுதுங்க" என்று எழுந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையில் எழுதியிருப்பது தெரியவில்லை என்று திரும்பி வருவார்கள்.

அந்த அட்டையின் மேல் ஒரு நாள் டீ கொட்டிவிட்டது. புதிது வாங்கும்வரை சமாளிக்கலாம் என்று, மகளுடைய பழைய புத்தகங்கள் சிலவற்றைக் கடைக்குக் கொண்டுவந்தேன். அவள் சென்னையில் கல்லூரிக்குப் போய்விட்டாள். புத்தகங்கள் அலமாரியில் சும்மா கிடந்தன. ஒன்று பூச்சிகளைப் பற்றியது, ஒன்று ஏரிப் பறவைகள், ஒன்று தெருவோர மரங்கள், இன்னொன்று பாம்புகள். நான் அவற்றைத் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தலைப்பு பெரிய எழுத்து, உள்ளே நடுத்தர எழுத்து, படங்களுக்குக் கீழே பொடி எழுத்து. பவர் பார்க்க இதைவிட என்ன வேண்டும்? புத்தக அட்டையில் 'எல்லா வயதினருக்கும்' என்று போட்டிருந்தது. அது விற்பனைக்காகச் சொல்வது என்றுதான் நினைத்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்ததே இல்லை.

அந்த வாரம் ஒரு பட்டு வியாபாரியை அவர் மனைவி அழைத்துக்கொண்டு வந்தார். அழைத்துக்கொண்டு என்ன, இழுத்துக்கொண்டுதான். ஐம்பதைத் தாண்டிய மனிதர், கனத்த குரல். முன்பக்கம் சேலைக் கடை, பின்பக்கம் வீடும் தறிகளும் என்று அடுத்த தெருவில் இருக்கிறவர்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. இவளுக்குத்தான் பேஜார். இழுத்துகினு வந்துட்டா" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

"வெலச்சீட்டத் தூரமா புடிச்சி புடிச்சிப் பாக்கறாருங்க. இனிமே கை நீளம் பத்தாது" என்றார் மனைவி.

சோதனை லென்ஸைப் பொருத்தி, பூச்சிப் புத்தகத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். குளவியைப் பற்றிய பக்கம் வந்தது. அவர் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். குளவி ஈர மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து கூடு கட்டுகிறது. பச்சைப் புழு ஒன்றைக் கொட்டி, சாகடிக்காமல் அசையவிடாமல் செய்து உள்ளே வைக்கிறது. முட்டையிட்டுவிட்டு வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடுகிறது. பக்கம் முடிந்தது. பவர் சரியாக இருந்தது. நான் லென்ஸைக் கழற்றக் கை நீட்டினேன்.

"இரும்மா! உள்ள கீற புழு இன்னா ஆச்சு?"

"தெரியலண்ணா."

"கடைல வெச்சிகினு கீற, தெரியலன்ற?" என்று அவரே பக்கத்தைத் திருப்பினார். குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே பறக்கும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் அவசரப்படுத்தவில்லை, கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடியை வாங்கிப்போன பிறகு, பவர் சரியில்லை என்று திரும்ப வந்தார். பார்த்தேன், சரியாகவே இருந்தது. "எதுக்கும் கொஞ்சம் படிச்சிப் பாத்துடறேன்" என்று பூச்சிப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். அடுத்து ஃப்ரேம் லூசு என்று வந்தார். அதற்கடுத்து மூக்கில் உறுத்துகிறது என்று வந்தார். எறும்பும் தட்டானும் முடிந்து பறவைகள் ஆரம்பமாயின. ஒரு நாள் அவர் மனைவி எனக்கு போன் செய்தார்.

"அவரு அங்க கீறாரா?"

"ஆமாங்க. பவர் சரிபாத்துகினு கீறாரு."

"உங்க பவரு! இங்க பொண்ணு வூட்டுக்காரங்க மூர்த்தப் பொடவ எடுக்க வந்து உக்காந்துகினு கீறாங்க. அனுப்பி வுடுங்க!"

புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துப்போகச் சொன்னேன். குழந்தைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் தெருவில் போகிறவன் என்ன நினைப்பான் என்று தயங்கினார். கடைசியில் தன் கடையின் சேலைப் பையில் போட்டு எடுத்துப்போனார். திருப்பிக் கொடுக்கும்போது சும்மா கொடுக்க மாட்டார். "தூக்கணாங்குருவில கூடு கட்டறது ஆம்பளையா, பொம்பளையா? சொல்லு பாக்கலாம்" என்று கேள்வி கேட்பார். பதில் தெரியாமல் விழிப்பதற்கு வெட்கமாக இருந்தது. அதனால் மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நானும் படிக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் என் கடைக்கு எதிரே நிற்பது புங்க மரம் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் அதன் நிழலில்தான் வண்டி நிறுத்துகிறேன். இலை விழுந்து சீட்டெல்லாம் குப்பை என்று திட்டியிருக்கிறேனே தவிர, பேர் கேட்டதில்லை. எங்கள் வீட்டு மதில்மேல் வந்து உட்காரும், செம்பழுப்பு இறக்கை வைத்த காக்கை, காக்கையே இல்லை, செம்போத்து என்றும் தெரிந்தது. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "சரி, சோறு போடு" என்றார். ஆனால் மறுநாள் காலையில் என்னை எழுப்பி, "உன் செம்போத்து வந்து கீது" என்றார்.

பாம்புப் புத்தகத்தை வியாபாரி படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்த மறுவாரம் அது நடந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கிச் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவர் மனைவி. பின்னால் ஒரே கூச்சல்.

"நூல் ரூம்ல பாம்புங்க! தறிக்காரங்கல்லாம் கட்டையோட நிக்கறாங்க. இவரு வாசல்ல நின்னுகினு யாரையும் உள்ள வுட மாட்றாரு. அந்தப் புஸ்தகத்த எடுத்துகினு ஜல்தி வாங்க!"

ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டியில் பறந்தேன். எனக்குப் பாம்பு என்றால் படத்தில் பார்த்தாலே உடம்பு கூசும். அதோடு இன்னொரு பயம். இந்த மனிதர் என் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் இப்படி நிற்கிறார். யாரையாவது கடித்துவிட்டால்?

அங்கே நூல் வைக்கிற அறையின் வாசலை இரண்டு கைகளாலும் மறித்துக்கொண்டு அவர் நின்றார். தறிகள் நின்றுவிட்டிருந்தன. நான் முற்றத்தின் மறு கோடியில் நின்று எட்டிப் பார்த்தேன். அறையின் மூலையில், நூல் மூட்டைக்குப் பக்கத்தில், கரும்பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகளோடு ஒன்று சுருண்டு கிடந்தது.

"கட்டுவிரியன்தாங்க அது! எங்க ஊர்ல பாத்திருக்கேன். ஒரே போடு, முடிஞ்சிது" என்றார் கட்டை வைத்திருந்தவர். தேவிகாபுரம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர்.

"வெள்ளிக்கோல் வரையனா கூட இருக்கலாம்" என்றார் வியாபாரி. "அதுக்கு வெஷம் கெடயாது. டாக்டரம்மா, புஸ்தகத்தக் குடு!"

நான் கிட்டே போகவில்லை. புத்தகம் கை மாறி அவரிடம் போனது. இரண்டு பாம்புகளின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வரையனுக்குக் கழுத்திலிருந்தே பட்டை ஆரம்பித்து, வால் பக்கம் மங்கிப்போகும். கட்டுவிரியனுக்குத் தலைக்குப் பக்கத்தில் பட்டை தெளிவாக இருக்காது. போகப்போகத் தெளிவாகி வால்வரை இருக்கும். எல்லோரும் பாம்பைப் பார்த்தார்கள். பாம்போ தலையையும் வாலையும் சுருளுக்குள் பத்திரமாக ஒளித்துவைத்திருந்தது. நடு உடம்பு மட்டும்தான் தெரிந்தது.

"தலயக் காட்டச் சொல்லுங்க அத!" என்றார் அவர் மனைவி. பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆர்வத்தில் வியாபாரி ஓர் அடி உள்ளே வைத்தார். "அண்ணா, கிட்ட போவாதீங்க!" என்று நான் கத்தின கத்தலில் எனக்கே தொண்டை வலித்தது. "கீழ பொடி எழுத்துல இன்னா போட்டுகீது, அதப் படிங்க மொதல்ல!"

அவர் காலைப் பின்னால் எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார். எது என்று உறுதியாகத் தெரியாதபோது விஷப் பாம்பு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அடிக்கவோ பிடிக்கவோ முயலக் கூடாது. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட வேண்டும். படித்து முடித்ததும் கட்டை வைத்திருந்தவரைப் பார்த்தார். அவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டையைச் சுவரில் சாய்த்தார். மனைவி அதற்குள் போன் போட்டுவிட்டார்.

வண்டி வரும்வரை யாரும் நகரவில்லை. நான் மட்டும் படியில் ஏறி நின்றுகொண்டேன்.

தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் நீளக் கொக்கியால் மூட்டையை மெல்ல நகர்த்தினார். பாம்பு சுருள் பிரிந்து சுவரோரம் ஓடியது. அப்போது எல்லோருக்கும் தெரிந்தது: கழுத்திலேயே பளிச்சென்று வெள்ளைப் பட்டை, வால் பக்கம் வெறும் பழுப்பு.

"வரையன்தாங்க. பல்லி புடிக்க வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அதைப் பைக்குள் விட்டார்.

"சொன்னேன் இல்ல! நான் சொன்னேன் இல்ல!" தேர்தலில் ஜெயித்தவர்போல வியாபாரி முற்றத்தைச் சுற்றி வந்தார்.

"எங்க சொன்னீங்க? 'கூட இருக்கலாம்'னுதான் சொன்னீங்க" என்றார் மனைவி. கட்டைக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மூத்த வீரர் சிரிக்கவில்லை. "கட்டுவிரியனா இருந்திருந்தாலும் நீங்க இதேதான் பண்ணியிருக்கணும். தள்ளி நின்னீங்க பாருங்க, அதான் சரி" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் படியிலிருந்து இறங்கினேன். புத்தகத்தைக் காட்டச் சொல்லி வாங்கினார். கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு நாப்பது தாண்டிடுச்சுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லோருக்கும் அங்கேயே காபியும் நாஷ்டாவும் ஆயின. ஊருக்கு வெளியே புதர் பக்கமாக விட்டுவிடுகிறோம் என்று பாம்போடு வண்டி கிளம்பியது. தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு, கண்ணாடி வேண்டாம் புத்தகம் மட்டும் போதும் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கட்டைக்காரரே ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, தன் மகளுக்கு என்று பாம்புப் புத்தகத்தை வாங்கிப்போனார். மகளுக்கு என்ன வயது என்று கேட்டேன். கைக்குழந்தை என்றார்.

வியாபாரியின் மனைவிக்குப் பறவைகள்தான் பிடித்தன. "படத்துலயே எத்தினி நாள் பாக்கறது?" என்று அவர்தான் கிளப்பினார். மழை நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் இரண்டு பேரும் நானும் என் வீட்டுக்காரருமாகப் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தவாசி சாலையில் இருக்கிற ஓர் ஏரிக்குப் போனோம். ஏரி நிரம்பியிருந்தது. கரையில் கால் வைத்ததும் தண்ணீருக்கு நடுவில் கறுப்பாக ஒன்று தலையைத் தூக்கியது.

"நீர்க்காகம்" என்றார் வியாபாரி உடனே.

"கழுத்தப் பாருங்க, எவ்ளோ நீட்டு! பாம்புத்தாரா" என்றார் மனைவி.

புத்தகத்தைப் பிரித்து இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வேகமாகச் சாப்பாட்டுக் கூடையைத் திறந்தார். அந்தப் பறவை முங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லாமல் வேறெங்கோ எழுந்தது, வாயில் மீன். கரையேறி ஒரு மொட்டைக் கிளையில் உட்கார்ந்து, இறக்கைகளை விரித்து வெயிலில் காயவைத்தது. கழுத்து பாம்புபோல வளைந்து வளைந்து அசைந்தது.

வியாபாரி புத்தகத்தை மூடினார். பிறகு, "சரி, பாம்புத்தாராவே இருக்கட்டும். எனக்குப் பசிக்குது" என்றார்.